காலியில்லாத மெமரி

மேலாளர் சர்வர் திரையை விரலால் தட்டினார். வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான பெண் பக்கத்தில் நின்றாள்.

"பாருங்கம்மா, முப்பத்திரண்டு ஜிபி மெமரியில ஒரு ஜிபிகூட காலியில்லை. பழைய ஆள் இப்படித்தான் கோட்டை விட்டான். அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிட்டேன்."

"காலின்னு போட்டிருக்கிறதை மட்டும் பார்க்கக் கூடாது சார். சும்மா கிடக்கிற மெமரியில, அடிக்கடி வேண்டிய ஃபைல்களை சர்வரே எடுத்து வச்சுக்கும். அதுதான் கேஷ். வேற வேலைக்கு இடம் கேட்டா உடனே விட்டுக்கொடுத்திடும். அதே வரிசையில கடைசிக் கட்டத்தைப் பாருங்க, கேட்டா கொடுக்க இருபது ஜிபி தயாரா இருக்கு."

மேலாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அவனும் கேஷ், கேஷ்னுதான் கத்தினான். சாக்கு சொல்றான்னு நினைச்சேன். உங்க தொழில்காரன்தானே, எங்க இருக்கான்னு தெரியுமா? மன்னிப்புக் கேட்டு நாளைக்கே திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன்."

"என் வீட்டுக்காரர்தான் சார்."

"அட, நல்லதாப் போச்சு!"

"இறந்து ரெண்டு மாசம் ஆச்சு. 'ஒருவேளை நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோ'ன்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தார். அவர் சொன்னது சரிதானான்னு பார்த்துட்டுப் போகத்தான் இங்க வேலைக்குச் சேர்ந்தேன்."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, அவள் வெளியே நடந்தாள்.