எதிரணி

உயர்நிலைப் பள்ளி விவாதப் போட்டி முடிந்து மகனோடு வீடு திரும்பிய அப்பா, முகம் துடைத்த துண்டைச் சோபாவில் எறிந்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார்.

“வீட்டுக்காக அதிகம் உழைக்கிறது அப்பாதான்னு ஒரு வாரம் உட்கார்ந்து பையனுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். எதிரணிப் பொண்ணு அதைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டா!”

“அப்படி என்ன சொன்னா?” துணி மடித்தபடியே கேட்டாள் மனைவி.

“அப்பாங்கறவர் ஈரத் துண்டைக் கண்ட இடத்துல எறிவாராம். கைக்கெட்டுற தண்ணிக்கும் ஆளைக் கூப்பிடுவாராம். ஒழுகற குழாயை நாளைக்குப் பார்க்கறேன்னு மூணு வருஷமாச் சொல்றாராம். ஒரே கைதட்டல்! பாவம், அந்தப் பொண்ணுக்கு வாய்ச்ச அப்பா அப்படி ஒரு சோம்பேறி போல.”

மகன் மெல்லத் தன் அறைக்குள் நழுவினான்.

வாசல் மணி அடித்தது. பரிசுக் கோப்பையோடு அதே பெண் நின்றாள்.

“ஆன்ட்டி, நீங்க எழுதிக் கொடுத்ததை ஒரு வரி விடாமப் பேசினேன். முதல் பரிசு!”

அப்பா துள்ளி எழுந்தார். “பெத்த பையனையே தோற்கடிச்சிட்டியே!”

“அவன் நல்லாத்தான் பேசியிருப்பான். தோத்தது நீங்க,” என்றாள் மனைவி. “முதல்ல அந்தத் துண்டை எடுத்துக் கொடியில போடுங்க.”