மண்டபத்து மருந்துப் பெட்டி

"பாக்காமலா சொல்லுதேன்? என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் தம்பி. கதவு இடுக்கு வழியா இல்ல, நேருக்கு நேரா!"

எங்க வீட்டுக் கூடத்துல நவநீதகிருஷ்ணன் நம்பாமத்தான் உக்காந்திருந்தாரு. திருத்தங்கல்ல எங்க தெருக் கல்யாண மண்டபத்துக்கு அவருதான் தலைவர். மண்டபத்துச் சுவத்துல முதலுதவிப் பெட்டி மாட்டுனதும் அவருதான். பெட்டியில சிவப்புக் கூட்டல் குறி சின்னதா இருக்கும். 'உபயம்'னு அவரு பேரு பெருசா இருக்கும்.

"ஆச்சி, சாயங்காலம் கமிட்டி கூடுது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பொன்னுத்தங்கத்தை வேலைய விட்டு நிப்பாட்டிருவோம். ஆனா நாலு பேரு குறுக்குக் கேள்வி கேப்பாக. அதான் கேக்கேன், பெட்டியில இருந்து அவ மருந்தைத் திருடுனதை நெசமாவே பாத்தீகளா?"

பொன்னுத்தங்கம் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குறவ. புருசன் இல்லாதவ. இந்த வேலையும் போச்சுன்னா அவ வீட்டுல அடுப்பு எரியாது.

"எனக்குச் சந்தேகம் வந்ததே யோகலட்சுமி மக கல்யாணத்துலதான். சமையல்காரர் கால்ல ரசம் கொட்டி வெந்துபோச்சு. பைனாப்பிள் ரசம் தம்பி! இப்பல்லாம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதான். எங்க மாமியார் இருந்திருந்தா, பழத்தைப் போயி யாராவது ரசத்துல போடுவாகளான்னு..."

"ஆச்சி, பெட்டியைப் பத்திச் சொல்லுங்க."

"அதுக்குத்தான் வாரேன். ஓடிப்போயித் திறந்தா உள்ள களிம்பு இல்ல, பஞ்சு இல்ல, கட்டுத்துணி இல்ல. யாரோ ஒளிச்சு வச்ச தாம்பூலப் பைதான் கிடக்கு. ஒருத்தி இட்லி மாவை அப்புதா, இன்னொருத்தி பேஸ்ட்டைப் பிதுக்குதா. பட்டாசு ஊருல பொறந்துட்டு, பச்சத் தண்ணிய ஊத்துவோம்னு ஒருத்தருக்கும் தோணல."

"அதைப் பொன்னுத்தங்கம்தான் எடுத்தா?"

"பொறுங்க. நீங்க மறுபடியும் பெட்டிய நெப்பி வச்சீகள்ல? அதுக்கப்புறம் ஒருநாள் நான் கோலப்பொடி வாங்கப் போறேன். இவ முந்தியில எதையோ முடிஞ்சுக்கிட்டு, அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துக்கிட்டே மண்டபத்துல இருந்து வெளிய வாரா. களிம்பு டியூப்பு முந்திக்குள்ள இருந்து எட்டிப் பாக்கு."

அவரு முகம் தெளிஞ்சிருச்சு. "இது போதும் ஆச்சி!"

"எனக்குப் போதலையே. கடையில விக்கப் போறாளோன்னு அவ பின்னாலயே போனேன். என் முட்டி வலிதான் ஊருக்கே தெரியுமே. ராஜபாளையத்துல ஒருத்தர் எண்ணெய் குடுத்தாரு, அந்த நாத்தத்துக்கு என் பேத்தி பக்கத்துலயே..."

"ஆச்சி!"

"சரி சரி. கடையெல்லாம் தாண்டிப் போயிட்டா. பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் பின்னால இருக்க சந்துல திரும்பி, அழகுமீனா வீட்டுக்குள்ள நுழைஞ்சா."

காபி டம்ளரைக் கீழ வச்சுட்டாரு. "எந்த அழகுமீனா?"

"உங்க வீட்டுக்குப் பின்னால தகர ஷெட்டுல, வெடிக்குத் திரி வைக்குற புள்ளதான்."

"எனக்கு ஏது ஷெட்டு? லைசென்ஸ் வாங்குன என் பட்டாசுக் கம்பெனி விஸ்வநத்தத்துல இருக்கு. அங்க ஆம்புலன்ஸே நிக்கும், தெரியுமா?"

"அங்க நிக்கும். இங்கன? அந்தப் புள்ளைக்கு மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வெந்து கிடக்கு. ஏன்டி பெரியாஸ்பத்திரிக்குப் போகலன்னு கேட்டேன். தீக்காயம்னு போனா போலீசுக்குச் சொல்லிருவாக, ஷெட்டுல வேலை பாக்குற அம்புட்டுப் பேரையும் உள்ள வச்சிருவாகன்னு முதலாளி சொன்னாராம். கத்தாழையத் தடவிக்கிட்டு இரு, சீசன் முடியட்டும்னாராம்."

"எந்த முதலாளின்னு பேரு சொன்னாளா?"

"அவ சொல்லல. ஃபேனுக்குக் கீழ உக்காந்தும் உங்களுக்கு வேர்க்குதே, அது சொல்லுது."

அவரு எந்திரிச்சுட்டாரு. "கம்பெனிக்கு நேரமாச்சு. நீங்க கமிட்டிக்கு வரவேண்டாம் ஆச்சி. பாவம், பொன்னுத்தங்கம் இருந்துட்டுப் போகட்டும்."

"இப்ப மட்டும் பாவமா? அவ திருடித்தான் கட்டுப் போட்டா, இல்லங்கல. ஆனா அந்தப் பெட்டிக் களிம்புக்கு அடங்குற புண்ணா அது? காய்ச்சல் கண்டு, இன்னைக்குக் காலையில இருந்து அழகுமீனாவுக்குப் பேச்சே குழறுது."

"அவ வீட்டுலயா இருக்கா? நானே போயி ஒரு டாக்டரைக் கூட்டிட்டு..." அவரு செல்போனை எடுத்து யாரையோ தேட ஆரம்பிச்சாரு.

"யாருக்கும் போன் போட வேண்டாம். உங்க ஆளுக போனா அவ வீட்டுல பூட்டுதான் தொங்கும்."

சைரன் சத்தம் எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. அவரு என்னையப் பாத்தாரு, உள்ரூம் கதவைப் பாத்தாரு. கதவைத் திறந்துக்கிட்டு பொன்னுத்தங்கம் வெளிய வந்தா. கதவுக்குப் பின்னால கட்டில்ல, கட்டுப் போட்ட கை ஒண்ணு தெரிஞ்சுச்சு.

"108-க்குச் சொல்லிட்டுத் திரும்புனா நீங்க வந்து நிக்கீக. வண்டி வர்ற வரைக்கும் உங்களை உக்கார வைக்கணும்ல தம்பி? அதுக்குத்தான் ரசம், முட்டி வலின்னு அம்புட்டும் பேசுனேன்."

வண்டிக்கு வழி காட்ட வாசல்ல நின்ன என் மகனைக் கூப்பிட்டேன்.

"ஏலே பாண்டிமுருகா! ஒரு பக்கம் பிடிக்க முதலாளியே இருக்காரு. ஸ்ட்ரெச்சரை உள்ள கொண்டாலே!"