வீடியோவில் பேசியவர்

"மாமியாரை இப்படியா சந்தி சிரிக்க வைப்பா ஒருத்தி?" என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் முணுமுணுத்தாள் ஹேமாவதி.

ஆண்டிபட்டி கல்யாண மண்டபத்தின் மாடியில் மூலிகைப் பொடி விற்பனைக் கூட்டம். சற்று முன்புதான் திரையில் மொக்கம்மாள் என்ற அம்மா பேசி முடித்திருந்தார். "சர்க்கரை நல்லா குறைஞ்சிருச்சு. இப்ப தெம்பா இருக்கேன்."

"இவங்களுக்கு மூட்டு வலியும் போயிருச்சு. ஒரே பொடி, எல்லா வியாதிக்கும். எந்த டாக்டரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க" என்றார் கம்பெனிக்காரர்.

உடனே ஒரு சின்னப் பெண் எழுந்தாள். ஹேமாவதியை முணுமுணுக்க வைத்தவள் அவள்தான்.

"நான் அவுக மருமக திரிஷா. இந்தப் பொடியால எங்க அத்தைக்கு ஒண்ணும் குணமாகல. இதை எந்த ஆஸ்பத்திரியில, எத்தனை பேருக்குக் குடுத்துச் சோதிச்சீக?"

"உங்க அத்தையே சொல்றாங்களே. வேற என்ன ஆதாரம் வேணும்?"

"ஒருத்தர் சொன்னா அது ஆதாரமா?"

"குடும்பச் சண்டையை வீட்டோட வச்சுக்கம்மா."

கூட்டம் சிரித்தது. மேற்கொண்டு பேச விடவில்லை. திரிஷா இறங்கிப் போய்விட்டாள்.

ஹேமாவதிக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பொடி வரட்டும் என்றுதான் அவள் கணவர் ஒரு வாரமாகச் சர்க்கரை மாத்திரையைத் தொடாமல் இருக்கிறார். நல்ல மருந்துக்கு இவள் குறுக்கே நிற்கிறாளே என்று, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கப் பின்னாலேயே போனாள்.

வாசலில் ஓர் ஆட்டோ. உள்ளே மொக்கம்மாள்.

"அம்மா, உங்க மருமக உங்களையே பொய்க்காரி ஆக்கிட்டு வந்திருக்கா."

"நான்தான் அனுப்புனேன் ஆத்தா. 'டாக்டர் குடுத்த மாத்திரையை விடாமச் சாப்பிடுறேன், சர்க்கரை குறைஞ்சிருச்சு'ன்னு சொன்னேன். முன்பாதியை வெட்டிட்டாக. அதை நம்பி யாராச்சும் மாத்திரையை நிறுத்திட்டா என்னாகும்?"

ஹேமாவதி உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கிளம்பி இருங்க. இப்பவே போயி டாக்டரைப் பாத்துருவோம். மாத்திரையை நிறுத்துனது தப்பு."

போனை வைத்துவிட்டுக் கேட்டாள். "நீங்களே மேல வந்து சொல்லியிருக்கலாமேம்மா?"

மொக்கம்மாள் பதிலைச் சொன்னார். அதைக் கேட்டதும் ஹேமாவதி விறுவிறுவென்று மாடியேறி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் பொடி வாங்குறதுக்கு முன்னால ஒருதடவை கீழ வாங்க. வீடியோவுல பேசுனவுக வாசல்ல ஆட்டோவுலதான் இருக்காக. மூட்டு வலியில படியேற முடியலையாம்."