இறுகாத ஹேண்ட்பிரேக்

"ம், ஹேண்ட்பிரேக்கை இழுங்க!" என்று காருக்கு அடியிலிருந்து மனைவி கத்தினாள்.

உள்ளே கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். "பாதியிலயே நிக்குதுடி! ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவளை நம்பினா இப்படித்தான்!"

"இப்போ தளர்த்திட்டேன். மறுபடி இழுங்க!"

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதமாக இதே கூத்து. "பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன், அக்கா!"

அப்போதுதான் லிவர் கடகடவென்று முழுசாக ஏறியது.

"ஏறிடுச்சு! இன்னிக்குத்தான் உருப்படியா ரிப்பேர் பண்ணியிருக்கே!" என்று கணவர் கூவினார்.

வெளியே வந்த மனைவியின் ஸ்பானரில் ஒரு பொட்டு கிரீஸ்கூட இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி முழித்தாள். மனைவி அவள் காதைக் கடித்தாள்: "பிரேக் நல்லாத்தான் இருக்குடி. பக்கவாதம் வந்து விழுந்துபோன கைக்குப் பயிற்சின்னா கட்டிலை விட்டு இறங்க மாட்டார். காருக்குன்னா முதல் ஆளா வந்து உட்காருவார்!"

காருக்குள் லிவர் மறுபடியும் கடகடவென்று ஏறியது.