ஏரிக்கரைச் சனம்

"அறிக்கையைக் குடுத்திட்டியா, ராசா?"

கனடாவில் இருந்து மூத்தவன் சுகிர்தன் போன் எடுத்தால் இராசமலர் முதலில் கேட்பது அதைத்தான்.

"இன்னும் இல்லையம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அறிக்கையைக் கொடுத்தால்தான் அவனுக்கு வேலை நிரந்தரமாகும். பிறகுதான் அம்மாவையும் தம்பியையும் கூப்பிடலாம். உப்புவெளியில் நேற்றும் ஆமியின் சுற்றிவளைப்பு. சின்னவன் நிமலனை, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகமூடித் தலையாட்டிக்கு முன்னால் நிறுத்தி, பின்னேரம்தான் விட்டார்கள்.

"அப்பிடி என்னடா அதில எழுதக் கிடக்கு?"

"அணு உலையை வைச்சுத் தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்கிறம். எரிச்சாப் புகை இல்லை. ஆனா யுரேனியம் தோண்டுறதில இருந்து கழிவைப் புதைக்கிற வரைக்கும் மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன கெடுதல் எண்டு முழுக்கக் கணக்கெடுக்கவேணும்."

"எடுத்திட்டாய்தானே?"

"கம்பனியில, சுரங்கத்தை விட்டிட்டு எழுதச் சொல்லுறாங்கள். உலையில இருந்து தொடங்கினால் போதுமாம். அப்பத்தான் கணக்கு வடிவாயிருக்குமாம்."

"விடன்."

"சுரங்கத்துக்குக் கிட்ட ஒரு ஏரி இருக்கம்மா. கரையில பழங்குடிச் சனம். அந்தத் தண்ணியைத்தான் குடிக்குதுகள், அந்த மீனைத்தான் தின்னுதுகள். போய்ப் பார்த்தனான். ஒரு மனுசி என்ர கையைப் பிடிச்சு, 'எங்களையும் எழுதுவியளோ' எண்டு கேட்டவ."

இராசமலர் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நாளைக்கு உன்ர தம்பியைக் கொண்டுபோனாங்கள் எண்டா அந்த மனுசியே வந்து தேடப்போறா? ஆரோ நாலு சனத்தை விட்டா உன்ர கணக்குக்கு என்ன வந்திடும்? அவங்கள் சொல்லுற மாதிரி எழுதிக் குடு."

அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"சரியம்மா. குடுக்கிறன்."

போனை வைத்தபோது நெஞ்சில் இருந்த கல்லு இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பக்கத்து வீட்டு ஜெமீலா.

"கெதியா வாங்கக்கா. காணாமல்போனவங்களைப் பத்தி விசாரிக்க அரசாங்கக் கச்சேரிக்கு வந்திருக்கிற ஆணைக்குழு மத்தியானத்தோட போயிருமாம். அங்க என்ன சொல்லப்போறீங்க?"

இராசமலர் ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"நேவி வள்ளத்தோட பிடிச்சுக்கொண்டு போன என்ர மனுசனை, காணாமல்போன ஆக்களின்ர கணக்கில சேர்க்காமல் ஏன் விட்டவையள் எண்டு கேக்கப்போறன். நாங்களும் சனம்தானே, ஜெமீலா."