செல்லசாமி முகத்தில் என் மூக்கு

காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் நின்றிருந்தேன். எதிரே என் மூக்கு நடந்து வந்தது.

மூக்கு மட்டுமல்ல, தாடையும் என்னுடையதுதான். கன்னத்துத் தையல் தழும்பு மட்டும் செல்லசாமிக்குச் சொந்தம். நாலு மாதம் கழித்துக் கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தான்.

கொழுந்தெடுக்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிளாக்கரய்யாவுக்கு, அதாவது எனக்கு, ஒரு தம்பி கிடைத்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நடந்தது இதுதான். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மிஷின் வார் அறுந்து செல்லசாமியின் முகத்தில் அடித்தது. மூக்கும் தாடையும் நொறுங்கிப்போயின. உடைந்த முகங்களை ஒட்டவைப்பதில் கெட்டிக்காரரான ஒரு டாக்டர் கொழும்பில் இருந்தார். ஆள் முன்பு எப்படி இருந்தான் என்று தெரிய வேண்டும், ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று அவர் எங்கள் தோட்டத்துத் துரைக்கு எழுதினார்.

லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களிடம் போட்டோ ஏது? ஆனால் அந்த வருஷம் பிரஜாவுரிமை மனுவுக்காக எல்லாரையும் ஹட்டனுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்திருந்தோம். ஒன்று மனுவோடு போய்விட்டது, இன்னொன்று ஆபீஸ் பைலில் இருந்தது. அதை இன்றே அனுப்பு என்று துரை என்னிடம் சொன்னார்.

அன்று என் மேசையில் இன்னொரு கவரும் கிடந்தது. ராகலையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கந்தப்பனுக்கு அனுப்ப, இரவல் கோட்டு மாட்டி எடுத்த என் படம் தயாராக இருந்தது. இரண்டையும் ஒட்டித் தபால் பையில் போட்டேன். எந்தக் கவருக்குள் எந்தப் படம் என்று பார்க்க எனக்கு நேரமில்லை. தலை வாரிக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் ராகலையிலிருந்து பதில் வந்தது. "பையனின் முகத்திலேயே நல்ல மனசு தெரிகிறது" என்று கந்தப்பன் எழுதியிருந்தார். ஐந்து தடவை படித்தேன். கண்ணாடியில் தேடினேன். இருக்கிற மாதிரித்தான் பட்டது.

ஒரு நாள் லீவு எடுத்து ராகலைக்குப் போனேன். கந்தப்பன் என்னைப் பார்த்தார், கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார், மாப்பிள்ளை எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். போட்டோவில் செல்லசாமி இருந்தான்.

என் படம் கொழும்புக்குப் போயிருந்தது; உடனே டாக்டருக்கு ஒரு தந்தி அடித்திருக்கலாம். தபால் கந்தோர் எதிரிலேயே இருந்தது. தந்தி அடித்தால் துரைக்குத் தெரியும், தெரிந்தால் என் வேலை போகும். டாக்டருக்குக் கண் இல்லையா, அவரே பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கந்தப்பன் திருப்பித் தந்த போட்டோவை பஸ்ஸில் வரும்போது நாலாகக் கிழித்து ஜன்னல் வழியே விட்டேன். பெண் போனதற்காகத்தான் வழியெல்லாம் வருத்தப்பட்டேன்.

இப்போது அவன் வந்துவிட்டான். லயத்து வாசலில் அவனைக் கண்டதும் அவன் மனைவி ராக்காயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றாளாம், என்னைக் கண்டால் நிற்கிற மாதிரி. கேள்விப்பட்டபோது சங்கடமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மீசையை அடர்த்தியாக வளர்க்கும்படி அவனுக்கு உத்தரவு போட்டேன். சரிங்கய்யா என்றான். இவ்வளவு பணிவாக இருக்கிறானே, எதையோ மனசில் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் துரை அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். திறந்திருந்த கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் திருப்தியா என்று துரை கேட்டார்.

"நல்லாருக்குங்க தொரை. பழைய மாதிரியேதான் இருக்கு."

துரை ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிப் பில்லில் கையெழுத்துப் போட்டார்.

செல்லசாமி படியிறங்கியதும் பின்னாலேயே ஓடினேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"அந்த டாக்டர் ஏதோ போட்டோவைப் பாத்து ஏமாந்துட்டார் போல செல்லசாமி."

"அவரு ஏமாறலைங்கய்யா. கத்தி வைக்க மொத நாளே போட்டாவக் காட்டினாரு. இது நீதானான்னு நர்சம்மா கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான்தான்னு சொல்லிட்டேங்க."

ஏன் என்று கேட்டேன்.

"இல்லேன்னா தொரைக்கு எழுதுவாங்க. அவரு ஒங்க சீட்டக் கிழிச்சிருவாரு. நான் எந்த மூஞ்சியோட பெரட்டுக்குப் போனாலும் எனக்குப் பேரு விழும். வேல போனா அய்யா எங்க போவீங்க?"

அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"என் பழைய போட்டா எங்கயாச்சும் கெடந்தா குடுங்கய்யா. ராக்காயி ஒருதரம் பாக்கணுங்குது."

ராகலை பஸ்ஸில் நாலாகக் கிழித்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

அவன் அதையும் நம்பிக் கும்பிட்டான். நிமிர்ந்தபோது பார்த்தேன். கந்தப்பன் எழுதியது சரிதான், முகத்திலேயே நல்ல மனசு தெரிந்தது.

அதுவும் என் முகத்தில், முதல் தடவையாக.