கிணற்றோரத்து மரம்

என் தோப்பு மரத்தை எண்ண இவர்கள் யார்? வினோலியாவுக்கு உள்ளுக்குள் கொதித்தது.

சாணார்பட்டித் தென்னை விவசாயிகள் எட்டுப் பேர், தரகர் இல்லாமல் ஏலம் நடத்த வீட்டுக்கொரு கணினி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே பதிவு. யாரும் தனியாகத் திருத்த முடியாது. ஒன்பதாவது கணினியை இன்று காலை அவள் வீட்டில் கொழுந்தன் பாஸ்கல் பொருத்தினான். இணைந்ததுமே மற்ற வீடுகளிலிருந்து அவள் தோப்பின் விவரம் வந்து இறங்கியது. மரம் நாற்பத்திரண்டு.

"நாப்பத்தொண்ணுதான், பாஸ்கல்."

"எட்டு வீட்டுலயும் அப்படித்தான் இருக்கு மதினி. எட்டுமா பொய் சொல்லும்? சம்மதம்னு அமுக்குங்க. இல்லாட்டி இந்த வெட்டுல இறக்குற நம்ம காய் ஏலத்துக்குப் போகாது."

நாற்பத்திரண்டாவதாக நின்றது கிணற்றோரத்து மரம். அதிலிருந்துதான் அவள் கணவன் பிரான்சிஸ் விழுந்து செத்தான். மறுவாரமே அவளே பக்கத்தில் நின்று அதை வேரோடு தோண்ட வைத்தாள்.

"அன்னைக்குக் கயிறு பிடிச்சவனே நீதானப்பா!"

"எந்த மரத்துக்கு?" என்றான் பாஸ்கல். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

மட்டை கழிக்க வந்த கண்ணுசாமி தோப்பிலிருந்து வந்து, ஈரம் காயாத பச்சைக் குலை ஒன்றை வாசலில் இறக்கினார்.

"எல்லாம் ஏறிட்டேன் தாயி. இது கிணத்தோரத்து மரத்தோடது, அதுலதான் அம்புட்டுக் காய்ப்பு."

"கேட்டீங்கள்ல? அமுக்குங்க மதினி."

வினோலியா விரலை மடக்கிக்கொண்டாள்.

"நான் அமுக்க மாட்டேன். அதைத் தோண்டினது எனக்காவது ஞாபகம் இருக்கட்டும்," என்றாள், குரல் உயராமல்.